பால்வெள்ளை

சட்டையின் மூன்றாவது பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டது. மாட்டிவிட்டுக்கொண்டிருந்த நாத்தனார், அண்ணனுக்கு வலித்துவிட்டதைப் போலச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. மேல துண்டு போத்தினா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் பொத்தான் தைக்கிறவள். சொந்தப் புருஷனைப் பொத்தான் இல்லாமல் அனுப்பினால் தொழிலுக்கே கேவலம். குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டபோது வயிற்றுத் தழும்பு இழுத்தது. அவளுடைய ஈரலில் பாதியை வெட்டி அவருக்கு வைத்து இரண்டு வருஷம்.

வைத்த ஈரல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதிலிருந்து பித்தம் இறங்கும் குழாய்தான், ஒட்டுப் போட்ட இடத்தில் சுருங்கிச் சுருங்கிப் போனது. மூன்று மாதத்துக்கொரு தரம் வாய்வழியாகக் கருவியை விட்டு, சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சொருகி விரித்துவிடுவார்கள். அவரோ பிளம்பர். சும்மா இருப்பாரா?

"ஜாயின்ட்லதான் சார் அடைக்கும்," என்று டாக்டருக்கே பாடம் எடுத்தார். "எங்க தொழில்ல ஒரே ஜாயின்டுக்கு ஆறு தடவை போனா செருப்பு பறக்கும்." வெளியே வந்ததும் இவளிடம், "உன் ஈரல்தானே? அதான் சொன்ன பேச்சு கேக்கல."

அந்த ஆறாவது தடவைக்குப் பிறகு சிரிப்பு குறைந்தது.

"போதும்டி. இனிமே வீட்லயே இருக்கேன். உன் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு."

"கண்ணு வெள்ளையா இருக்கற வரைக்கும் வீடு. மஞ்சளாச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. சம்மதமா?"

"சம்மதம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரை ஜன்னலோரம் நிறுத்தி, கீழிமையை இழுத்து, பால்வெள்ளை நூல்கண்டை விழிக்குப் பக்கத்தில் பிடிப்பாள். கண் ஏமாற்றும், நூல் ஏமாற்றாது என்பது அவள் கடைச் சட்டம்.

"மேட்ச் ஆகுதா? இல்ல, வேற புருஷன் பாக்கணுமா?"

"ஆகுது, ஆகுது. வாயை மூடுங்க."

"நல்லாப் பாருடி. இந்தக் கண்ணையும் பாரு."

உடம்பைச் சொறிந்துகொள்வதை ஏனென்று கேட்டால் புதுச் சோப்பின் மேல் பழி போடுவார். போன வாரம் குளிர்காய்ச்சல். மூன்றே நாள், ரத்தமெல்லாம் கிருமி, ஆள் போய்விட்டார். "கண்ணு மஞ்சளாகி ஒரு மாசமாவது இருக்குமேம்மா, கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். கவனித்தாளே! தினமும் கவனித்தாளே!

ஜன்னல் விளிம்பிலிருந்த நூல்கண்டை எடுத்து ஊசியில் கோத்தாள். வெள்ளைச் சட்டையில் முதல் தையல் விழுந்தது. பழைய பத்திரிகைத்தாள் நிறத்தில் விழுந்தது.

கையை நிறுத்தினாள். கண்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். புதுக் கண்டு பிரித்தால் அடியில் தேதி எழுதுவது அவள் வழக்கம். இதில் இருந்தது பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி. கழிவுப் பெட்டியில் எப்போதோ போட்ட கண்டு.

"என்ன அண்ணி?"

"இரு, வரேன்."

கதவுக்குப் பின்னால் அவருடைய சாமான் பை. ரெஞ்சுகளுக்கு அடியில், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பால் இறுகச் சுற்றிய உருண்டை ஒன்று. எதையும் கசியாமல் கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். பிரித்தாள். சுற்று சுற்றாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே, அவளுடைய பால்வெள்ளை, ஒரு தூசுகூடப் படாமல்.

"எமகாதகன்," என்றாள்.

"யாரு அண்ணி?"

எத்தனை காலைகள்? விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, இமை இழுபட, இவள் மூச்சு படும் தூரத்தில் நின்றவர். இந்தக் கண்ணையும் பாரு. விரல்கள் தீர்ந்துபோயின.

வாசலில் யாரோ, "வண்டி வந்துடுச்சும்மா," என்றார்கள்.

மஞ்சள் நூலை உருவிவிட்டுப் புதுசைக் கோத்தாள். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவரை நிற்கவைத்து, போட்ட சட்டையிலேயே தைத்துவிடுவாளே, அதே மாதிரி தைத்தாள். நான்கு குத்து, மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

"இந்தாங்க அண்ணி," என்று நாத்தனார் கத்தரிக்கோலை நீட்டினாள்.

அவள் வாங்கவில்லை. அவர் மார்பின் மேல் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். புது நூல். அறுபடக் கொஞ்ச நேரம் பிடித்தது.