மாமன் மடிக்கு ஒரு பேனர்

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். மாமன் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அவன் வந்து சம்மணம் போட்டு உட்காரும் வரை ஆசாரி ஊசியைத் தொட மாட்டார். அப்படிப்பட்ட என் மடியை ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காரன் தட்டிக்கொண்டு போனான் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

என் பெயர் சோலைமலை. தொண்ணூறுகளில் திண்டுக்கல் நாகல் நகரில் டிவி, ரேடியோ விற்கும் கடை வைத்திருந்தேன். ரிப்பேரும் நானே பார்ப்பேன். எனக்கு ஒரே தங்கை, அன்புக்கரசி. அவளைப் பேச்சிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. என் கடைக்கே வந்துவிடுங்கள் என்றேன். மனிதர் வாய்ச் சாமர்த்தியக்காரர். ரேடியோவுக்கு பேட்டரி வாங்க வந்தவர் தலையில் டேபிள் ஃபேனைக் கட்டி அனுப்புவார். அப்போது அதை நான் ரசித்தேன்.

டிவியோடு சேர்த்து விளையாடும் கேம் பெட்டிகள் திண்டுக்கல்லுக்கு வந்த நேரம் அது. இரண்டு கைப்பிடி, மேலே கேசட் செருக ஒரு வாய், அவ்வளவுதான் பெட்டி. ரேஞ்சர் என்ற கம்பெனியின் ஏஜென்சி எனக்குக் கிடைத்தது. அதன் ஏரியா ஆள் ஆனந்த்ராஜ் மதுரையிலிருந்து வாரம் ஒரு முறை வருவான், டை கட்டியிருப்பான், கடையில் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பான். கொஞ்ச நாளில் ஜம்போ என்று இன்னொரு கம்பெனி வந்தது. அதன் மேனேஜர் நேராகப் பேச்சிமுத்துவைப் பிடித்தார். எத்தனை நாளைக்கு மச்சான் கடையில் ஆளாக நிற்பீர்கள் என்று கேட்டாராம். அடுத்த ஆவணியில் என் கடைக்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் கடை திறந்தது. மனசு சுருக்கென்றது உண்மைதான். ஆனாலும் தங்கச்சி நன்றாக இருக்கட்டும் என்று குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

சண்டை எங்களுக்குள் தானாக வரவில்லை. கொண்டுவந்து கொடுத்தார்கள். ரேஞ்சர் பெட்டியைப் போட்டால் டிவியின் பிக்சர் டியூப் போய்விடும் என்று எதிர்க்கடையில் சொல்கிறார்கள் என ஆனந்த்ராஜ் வந்து என் காதில் போட்டான். ஜம்போ அடாப்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று திருப்பிச் சொல்லவும் அவனே சொல்லிக்கொடுத்தான். நான் சொன்னேன். சொன்னது சாயங்காலத்துக்குள் தெருவைத் தாண்டிவிடும். பிறகு கேசட்டில் போட்டி. ஜம்போ நூறு கேம் என்று ஒட்டினால் ரேஞ்சர் முந்நூறு என்று ஒட்டும். ஜம்போ ஆயிரத்துக்குப் போகும், ரேஞ்சர் பத்தாயிரத்துக்குப் போகும். உள்ளே இருந்ததென்னவோ அதே ஏழெட்டு விளையாட்டுதான், பெயரை மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும். வாங்கிய பிள்ளைகளுக்கும் அது தெரியும். இருந்தும் என் கடை முன்னால் ஒரு டிவி, அவர் கடை முன்னால் ஒரு டிவி, நடுவில் ஆட்டோ போக வழியில்லாத கூட்டம்.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச் மேளா வந்தது. பழைய ஜம்போவைக் கொண்டுவந்தால் விலையில் தள்ளிப் புது ரேஞ்சர் கொடுப்போம் என்று நான் அறிவித்தேன். மறுநாளே பழைய ரேஞ்சருக்குப் புது ஜம்போ என்று எதிர்க்கடை அறிவித்தது. வந்த பழைய பெட்டிகளை மூட்டை கட்டி ஆனந்த்ராஜ் வேனில் ஏற்றிப் போவான். எதிரியின் பெட்டியை கம்பெனியே உடைத்துப் போட்டுவிடும் என்று சொன்னான். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அதற்குள் மாப்பிள்ளைக்கும் எனக்கும் பேச்சு நின்றிருந்தது. தங்கச்சி மட்டும் மதியம் வெயிலில் தெருவைக் கடந்து, என் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அதுவும் நின்றது. அந்தத் தையில் வேடசந்தூர் பக்கம் மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில் அவள் மகன் விக்னேஷ்குமாருக்குக் காது குத்தினார்கள். எனக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. நான் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்த நேரமும் ஆள் அனுப்புவார்கள் என்று வேட்டி மாற்றிக் காத்திருந்தேன். மில் பஸ்ஸில் வந்திறங்கிய சொந்தக்காரர் ஒருவர்தான் சேதி சொன்னார். பிள்ளை உட்கார்ந்தது ஜம்போ மேனேஜர் மடியில். மாமன் சீரும் அவரே கொண்டுவந்தாராம், கூடவே ஒரு புதுப் பெட்டியும் கேசட்டும். அன்றைக்குக் கடையின் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆள் அழுதால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. எதிரெதிரே கடை, ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் அன்புக்கரசியும் மாப்பிள்ளையும் தட்டோடு என் கடைப்படி ஏறினார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. இடுப்பில் சின்னவள் சுகன்யா. அந்தப் பிள்ளையை நான் அதுவரை தூரத்தில்தான் பார்த்திருந்தேன். அவளுக்கு மாசியில் காது குத்து என்றார்கள்.

"மூத்தவனுக்குத் தப்பு பண்ணிட்டோம்ணே. இவளுக்கு நீங்கதான் மடி கொடுக்கணும்," என்றாள் தங்கச்சி.

 தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே சின்னாளப்பட்டி போய்த் தங்கச்சிக்குச் சுங்குடிச் சேலை எடுத்தேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், வெள்ளிக் கொலுசு. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மருமகளுக்குக் காது குத்து என்று சொல்லிச் சொல்லி, சாமான் விற்பதையே மறந்தேன். என் மடி எனக்குத் திரும்பிவிட்டது.

மூத்தவனுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று புது ரேஞ்சர் ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தேன். சீர் வரிசையில் வைக்கும் பொருள் ஓடுகிறதா என்று பார்க்க டிவியில் மாட்டினால் படம் ஆடியது. திருப்புளி எடுத்துக் கழற்றினேன். உள்ளே போர்டில் ஒரு சிவப்பு ஒயர் குறுக்கே ஓடியது. கல்யாண வீட்டுச் சீரியல் லைட் செட்டிலிருந்து வெட்டிய ஒயர். அதைப் பற்றவைத்தது நான்தான். எக்ஸ்சேஞ்சில் வந்த ஒரு பழைய ஜம்போவை, ஆனந்த்ராஜிடம் தூக்கிக் கொடுக்கும் முன் ஓடவைத்துப் பார்க்கும் ஆசையில், கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டியிருந்தேன். ஈயம் வழிந்த இடம்கூட அப்படியே இருந்தது.

 பிறகு மேளாவில் வந்து மூலையில் கிடந்த ஜம்போ ஒன்றைக் கழற்றினேன். அதன் போர்டை ரேஞ்சர் கூட்டுக்குள் வைத்தேன். துளைக்குத் துளை, ஆணிக்கு ஆணி உட்கார்ந்தது. ரேஞ்சரும் இல்லை, ஜம்போவும் இல்லை. ஒரே கம்பெனி. நான் பிடுங்கிய ஜம்போவை ரேஞ்சராக்கி என் கடைக்கும், அவர் பிடுங்கிய ரேஞ்சரை ஜம்போவாக்கி அவர் கடைக்கும் மூடியை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தான் கம்பெனிக்காரன். இதற்காகவா என் தங்கச்சி வீட்டுச் சோற்றை இழந்தேன் என்று வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்குள்ளும் ஒரு நிம்மதி. நானும் மாப்பிள்ளையும் ஒன்றாக ஏமாந்திருக்கிறோம், இனி எங்களுக்குள் என்ன பகை என்று நினைத்தேன்.

இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவர் கடை மேசையில் வைத்து, ஒயரைக் காட்டி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பேச்சிமுத்து போர்டைக் கையில் எடுக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் மச்சான்," என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன். கடை திறந்த புதிதில் சரக்கு எடுக்க மதுரை குடோனுக்குப் போனாராம். ஒரே ஹாலில் இரண்டு கம்பெனி அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்க, நடுவில் ஒரே ஆள் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தானாம். ஆனந்த்ராஜும் ஜம்போ மேனேஜரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். வாயை மூடிக்கொண்டு சண்டையை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டால் பின்னால் ஜில்லா ஏஜென்சி உங்களுக்கு என்று சொன்னார்களாம்.

"அப்ப விக்னேசு காதுகுத்துக்கு என்னைக் கூப்பிடாதது?"

"அவங்கதான் கேட்டாக. மச்சானும் மச்சானும் அம்புட்டு முறுக்கிக்கிட்டுத் திரியிறதைச் சனம் பார்த்தாத்தான் ரெண்டு கடையிலயும் கூட்டம் நிக்கும்னாக. யாவாரம் மச்சான். உங்க கடையிலயும்தான் ஓடுச்சு."

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த துணி பேனரைப் பார்த்தேன். இழுத்து விரித்தேன். போட்டி முடிந்தது, பாசம் வென்றது, இனி ஜம்போ ரேஞ்சர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஒரு மாமனும் மடியில் ஒரு குழந்தையும், ஆர்ட்டிஸ்ட் வரைந்தது. மாமனுக்கு என் மீசை.

வெற்றிலைத் தட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. நான் வர மாட்டேன் என்றேன். பேச்சிமுத்து மேசையைச் சுற்றி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அன்புக்கரசிக்கு இது எதுவும் தெரியாது, அவள் உண்மையாகத்தான் கூப்பிட்டாள், மறுபடியும் மாமன் இல்லாமல் ஒரு காதுகுத்து என்றால் அவள் உடைந்துபோவாள் என்றார். பேனர் கோயில் பக்கம் வராது என்று சுகன்யா பெயரில் சத்தியம் செய்தார். பெற்ற பிள்ளை பெயரில் செய்த சத்தியத்தை எப்படி நம்பாமல் இருப்பது? தங்கச்சியிடம் இதைச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் நிம்மதியைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நினைப்பு.

மாசியில் சீர்த்தட்டுகளோடு கோயிலுக்குப் போனேன். வேப்பமரங்களையும் கோயிலையும் சுற்றிக் கண்ணால் துழாவினேன். பேனர் இல்லை. ஆனந்த்ராஜும் கண்ணில் படவில்லை. மனசு லேசானது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு சுகன்யாவை என் மடியில் வைத்தார்கள். இத்தனை நாள் தூக்காத மாமன் என்று அவளுக்குத் தெரியுமா என்ன, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். வாழைப்பழம் ஒரு துண்டு வாயில் வைத்தேன். ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை வீறிட்டு என் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள்.

எனக்குப் பின்னால் துணி உதறும் சத்தம் கேட்டது. திரும்பினேன். இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே அந்த பேனர் விரிந்துகொண்டிருந்தது. ஒரு கயிற்றின் முனை ஆனந்த்ராஜ் கையில். மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் என் தங்கச்சி. நான் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலையில் நின்றாள்.

எழுந்துவிடத்தான் நினைத்தேன். ஒரு காதுதான் முடிந்திருந்தது. மறு காதைக் குத்தாமல் மாமன் எழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்களில் ஒரு சொல் உண்டு. அது தங்கச்சிக்கும் தெரியும். அதனால்தான் முதல் காது முடியும் வரை அந்தக் கயிற்றை இழுக்காமல் காத்திருந்தார்கள். ஆசாரி தலையைப் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். இரண்டாவது ஊசி இறங்கும்போது பிள்ளையோடு சேர்ந்து எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. கேமரா அப்போதுதான் பளிச்சிட்டது.

அந்தப் படம்தான் போஸ்டராக வந்தது. மாமனும் அழுகிறான், மருமகளும் அழுகிறாள், மேலே ஜம்போ ரேஞ்சர், கீழே ஜில்லா ஏஜென்ட் பேச்சிமுத்து. பஸ் ஸ்டாண்டில், தியேட்டர் சுவரில், மில் வாசலில் எல்லாம் ஒட்டினார்கள். வேடசந்தூரில் ஒரு டீக்கடையில் நான் நிற்கும்போதே ஒருவர் அதைக் காட்டி, மாமன்னா இப்படி இருக்கணும் என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன்.

ஏஜென்சியும் மாப்பிள்ளைக்கே போனபின் நான் கடையைக் காலி செய்த அன்று அன்புக்கரசி தெருவைக் கடந்து வந்தாள். கையில் மூடிய கிண்ணத்தில் வெஞ்சனம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தாள். என் கடைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்த போஸ்டரைச் செத்த நேரம் பார்த்தாள்.

"போட்டோவுல நல்லா வந்துருக்கீகண்ணே," என்றாள்.