மஞ்சளுக்கு நிறுத்தக் கூடாது

1

இந்தக் கதை என் மனைவியின் வயிற்றுக் கலக்கத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் கற்பனைக்கு இதில் பெரிய பங்கு கிடையாது.

விளையாட்டு வீரர்களை அணிகள் ஏலம் எடுக்கும் அல்லவா, அது இப்போது இணையத்தில் நேரலையாக நடக்கிறது. அணிக்காரர்கள் அவரவர் ஊரில், அவரவர் அறையில், கணினி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார்கள். ஏலக்காரர் இன்னோர் இடத்தில் கேமரா முன் நின்று கூவுவார். ஊரே வேடிக்கை பார்க்கும். இதில் எதுவும் நடுவில் புட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் மனைவியின் வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவள் சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும். ஒன்று சொதப்பினால் அவள் தலைதான் உருளும்.

இதை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு வாலிபால் ஏலம் வந்தது. பட்டியலில் அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது. நகைச்சுவை அத்தோடு போயிற்று.

2

முதல் தொடக்கம்: "வயர்கள் பின்னிப் பிணைந்து கிடந்த அந்த இருட்டு அறையில் அவள் தனியாக—"

மனைவி எட்டிப் பார்த்தாள். "என் ரூம்ல ஒரு வயர்கூட தரையில கிடக்காதுங்க. யாராவது கால் தடுக்கினா ஏலமே போச்சு. எல்லாத்தையும் டேப் போட்டு ஒட்டிருவேன். இருட்டும் கிடையாது. ட்யூப் லைட்டு கண்ணைப் பறிக்கும்."

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "முழங்கால் வலியோடு விழித்தெழும் ஒரு விளையாட்டு வீரனின்—"

இது அனுதாபத்துக்குக் கையேந்துகிறது. தம்பிக்குத் தெரிந்தால் என்னோடு பேச மாட்டான். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக, அவளுடைய பயங்களிலிருந்தே தொடங்குகிறேன். அவைதான் கையில் தாராளமாக இருக்கின்றன.

3

அவளுக்கு முதல் பயம் இணைய இணைப்பு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனிகளிடம் வாங்கியிருந்தார்கள். இரண்டு பெட்டி, இரண்டு பில். இவளுக்கு மனது ஆறவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்தாள். சுவரைத் தாண்டியதும் இரண்டும் ஒரே குழாய்க்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. தெருவில் எவனாவது ஒரு பள்ளம் தோண்டினால் இரண்டும் சேர்ந்தே சாகும். அன்றைக்கே மூன்றாவதாக, வயரே இல்லாத ஓர் இணைப்பு வந்தது.

இரண்டாவது பயம் பேட்டரி. மூன்றாவது, ஏலத்தின் நடுவில் "இப்போது புதுப்பித்துக்கொள்ளட்டுமா?" என்று கணினி கேட்டுத் தொலைப்பது. நான்காவது, ஏலக்காரரின் தொண்டை.*

(* இது விளையாட்டுப் பேச்சில்லை. ஏதாவது கோளாறு என்றால் இவள் ஒரு பொத்தானை அழுத்தி, 'ஒருதரம், ரெண்டுதரம்' என்று ஓடும் எண்ணிக்கையை நிறுத்திவைக்கலாம். உடனே ஏலக்காரரின் காதில் 'கிணுக்' என்று ஒலிக்கும். பார்க்கிறவர்கள் பதறக் கூடாது என்பதற்காக அவர் சாவகாசமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கோளாறு சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சிக்கல் என்னவென்றால், அவர் தாகத்துக்கும் தண்ணீர் குடிப்பார். நாள் முழுக்கக் கத்துகிற மனிதர்.)

அணி ஒவ்வொன்றுக்கும் அவள் திரையில் ஒரு விளக்கு உண்டு. பச்சை என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது. சிவப்பு என்றால் அறுந்துவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் இருக்கிறது, ஆனால் தள்ளாடுகிறது. மஞ்சளுக்கு நிறுத்தக் கூடாது. விதியை எழுதியவளே அவள்தான்.

"ஏன் கூடாது?" என்று கேட்டேன்.

"எப்பவும் யாருக்காவது மஞ்சளாத்தாங்க இருக்கும். அதுக்கெல்லாம் நிறுத்துனா ஏலம் அடுத்த மாசம்தான் முடியும்."

எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றைக் கோட்டைவிட்டாள். ஏலத்துக்கு முந்தின நாள் விதிமுறைக் கூட்டத்துக்கு எல்லா அணிக்காரர்களும் ஒரே ஓட்டலுக்கு வந்திருந்தார்கள். வந்ததும் வந்தார்கள், இங்கேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஆளுக்கோர் அறையில் உட்காரவைத்து, பக்கத்துக் கூடத்தில் ஏலக்காரரை நிறுத்தி ஒரு போலி ஏலம் நடத்தினார்கள். பிசிறில்லாமல் நடந்தது. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு ரயிலுக்கும் விமானத்துக்கும் கிளம்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இவளுக்கு உறைத்தது.

"ஐயோ! அவங்க ஏலக்காரர் குரலை சுவர் வழியா கேட்டுட்டு அழுத்துனாங்க. ஸ்பீக்கர்ல கேட்கலை!"

"அதனால என்ன?"

"நாளைக்கு அவங்கவங்க ஊர்லயிருந்து அழுத்துவாங்க. வீடியோல குரல் பின்னாடி வரும். திரையில எண்ணிக்கை முன்னாடி ஓடும். காதை நம்புனவங்க கோட்டை விட்ருவாங்க."

அணிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள்: குரலைக் கேட்டு அழுத்தாதீர்கள், திரையைப் பார்த்து அழுத்துங்கள். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தும் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டைவிரலை உயர்த்துவதற்குச் செய்தியைப் படித்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

4

தம்பி கதைக்கு ஆகமாட்டான் என்று எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. கோபப்பட மாட்டான், புலம்ப மாட்டான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எழுத்தாளன் என்ன செய்வது? ஆட்டத்திலும் அப்படித்தான். அவன் செட்டர். வலையோரம் நின்று, அடிக்கிறவனுக்குத் தோதாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பவன். கைதட்டல் அடித்தவனுக்குப் போகும்.

(அவனை ஒரு கோபக்காரனாக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்த ஆள் யாரோ. கிழித்துவிட்டேன்.)

ஒத்திகை முடிந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான்.

"அக்கா, நீதான் மெஷின் முன்னாடி உக்காரப் போறியா?"

"ஆமாண்டா."

"அப்ப தைரியமா இருக்கலாம்."

"நான் உக்காந்தா? கரண்ட் போகாம பாத்துக்குவேன். உன்னை வாங்கச் சொல்லி யார் கையையும் பிடிச்சு இழுக்க முடியாது."

சிரித்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருஷமும் யாரும் எடுக்கலைன்னா விட்டுர்றேன்க்கா. ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் வேலை சொல்லியிருக்காங்க. நல்ல வேலைதான்."

நான் அவன் தட்டில் இன்னும் ஒரு தோசை வைத்தேன்.

"ஒரே ஒரு கோச் மட்டும் போன் பண்ணாரு. கண்டிப்பா எடுக்கறேன்னு சொல்லலை. விலை ஏறாம இருந்தா பாக்கறேன்னாரு."

எந்த அணியின் பயிற்சியாளர் என்று சொன்னான். மனைவியின் முகம் மாறியது. அவன் போன பிறகு கேட்டேன். ஒத்திகையில் அந்தப் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "எனக்கு நம்பர் வேண்டாம்மா. குரல் போதும். இருபது வருஷமா கேட்டுட்டு இருக்கேன்" என்றாராம்.

மறுநாள் காலையில் ஏலம் தொடங்கும் முன்னால் அவள் போட்டி அமைப்பாளரிடம் போய், "சார், என் தம்பி பேர் வரும்போது மட்டும் வேற யாராவது உக்காரட்டும்" என்று கேட்டாள்.

"அட போங்கம்மா. மெஷின் என்ன சொந்தபந்தம் பாத்தா வேலை செய்யுது?" என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

5

ஏலத்தன்று அவள் அந்த ட்யூப் லைட் அறையில் இருந்தாள். நானும் தம்பியும் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தோம். கொடியிலிருந்து எடுத்த துணிகளை அவன் மடித்துக்கொண்டிருந்தான். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தான்.

அறையில் நடந்ததை அவள் எனக்குச் சொன்ன அளவுக்குச் சொல்கிறேன். காலையில் ஓர் இளம் வீரன் பெயர் வந்தபோது ஓர் அணிக்கு மஞ்சள் எரிந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்தப் பையனை யாரும் எடுக்கவில்லை. பிறகு அந்த அணியின் மேலாளர் போனில் கத்தினார்: "நாங்க அழுத்துனோம்! உங்க எழவு சிஸ்டம்ல ஏறலை!"

"மஞ்சளுக்கு நிறுத்தறது இல்லை சார். நேத்தே சொல்லியிருக்கோம்" என்றாள். போனை வைத்த பிறகு, தான் எழுதிய விதியை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தாளாம்.

மத்தியானம் தம்பியின் பெயர் வந்தது. திரையில் அவன் படம். பழைய படம், மீசை இல்லாதது. ஏலக்காரர் அடிப்படை விலையைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

அப்போது அந்தப் பயிற்சியாளரின் விளக்கு மஞ்சளானது.

"ஒருதரம்" என்றார் ஏலக்காரர். பயிற்சியாளரின் அறைக்கு அந்தச் சொல் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அவர் கண்ணை மூடி, காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பார், நேரம் நிறைய இருக்கிறது என்று. போன் அடிக்கவில்லை. விளக்கு சிவப்பாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. பொத்தான் அவள் கைக்கடியில் இருந்தது.

"ரெண்டுதரம்."

எங்கள் சோபாவில் தம்பி துண்டை மடிப்பதை நிறுத்தினான். திரையில் ஏலக்காரர் கையை நீட்டி டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

பிறகு மூன்றாந்தரம் சொன்னார். அதற்குள் யாராவது கேட்டார்களா, இல்லையா என்பதை நான் எழுதப் போவதில்லை. காரணம் வருகிறது.

6

முடிவு அ: அவள் அழுத்தினாள். எண்ணிக்கை நின்றது, விளக்கு பச்சையானது, பயிற்சியாளர் கேட்டார், தம்பி விலைபோனான். காலையில் விலைபோகாத பையனுக்கும் ஓர் அக்கா இருந்திருக்கலாம். அவள் இந்த அறையில் இல்லை.

முடிவு ஆ: அவள் அழுத்தவில்லை. கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏலக்காரர் தாகத்துக்குத்தான் குடித்தார். தம்பியை யாரும்—

முடிவு இ: விளக்கு தானாகவே பச்சையானது. (இது கோழைத்தனம். கதாசிரியன் செய்கிற வேலையா இது? ஆனாலும் நடந்திருக்கக்கூடியதுதான்.)

முடிவு ஈ: அவள் அழுத்தினாள். எண்ணிக்கை பயிற்சியாளரின் காதில் தெளிவாக விழுந்தது. விழுந்தும் அவர் விலை கேட்கவில்லை. விதியை உடைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இவற்றில் எது உண்மை? எனக்குத் தெரியாது. தம்பி விலைபோனானா என்பது தெரியும், அது ஊரறிந்தது. அவள் அழுத்தினாளா என்பதுதான் தெரியாது. அன்று சாயங்காலம் வந்ததும் "அந்தக் கோச்சுக்கு மஞ்சள் வந்துச்சுங்க" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

(கணினியில் பதிவாகியிருக்குமே என்பவர்களுக்கு: ஆகியிருக்கும். அதைத் திறந்து பார்க்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான்.)

நான்கு முடிவுகளையும் அவளிடம் காட்டினேன்.

"எதைப் போட்டாலும் அவன் படிப்பான்ங்க."

"ஊர் பேர்கூடப் போடலையே."

"அக்கா, தம்பி, மாமா, வாலிபால். வேற யாரோன்னா நினைப்பான்?"

அவள் சொன்னது சரி. மஞ்சள் எரிந்ததே தம்பிக்குத் தெரியாது. அவன் விலைபோயிருந்தால், தன்னை ஒருவர் விரும்பி எடுத்தார் என்று நம்பிக்கொண்டிருப்பான். போகாதிருந்தால், யாரும் விரும்பவில்லை என்று மனதைத் தேற்றியிருப்பான். இந்தக் கதை இரண்டில் எதையானாலும் கெடுக்கும். கதையைக் குப்பையில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். முதல்ல அவன் படிக்கட்டும்" என்றாள். அவள் குரலில் இருந்தது ஆசையா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். (இப்போது என்ன வேலை செய்கிறான் என்று சொல்ல மாட்டேன். காலில் ஷூ இருந்தது. அது இரண்டு வேலைக்கும் பொருந்தும்.) அதுவரை எழுதியிருந்த ஆறு பகுதிகளையும் மேசை முன் உட்கார்ந்து படித்தான். அவள் சமையலறையில், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் வருகிற இடத்தில் நிறுத்தி, அதை இன்னொரு முறை படித்தான். பிறகு பக்கங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தான்.

"மாமா, கடைசிப் பக்கம்?"

"எழுதலைப்பா."

அவள் குழாயை மூடிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள். கை ஈரம். "டேய், நான் அன்னைக்கு..."

"அக்கா, வேண்டாம்."

"சொல்லிர்றேன்டா. ஒரே வார்த்தை."

"வேண்டாம்க்கா. அழுத்தியிருந்தா நான் தூங்க மாட்டேன். அழுத்தலைன்னா நீ தூங்க மாட்டே. ரெண்டு பேரும் இப்படியே இருந்துடுவோம்." என் பக்கம் திரும்பினான். "நல்லா இருக்கு மாமா. போட்டுக்குங்க. முடிவு மட்டும் வேண்டாம்."

காப்பியைக் குடித்தான், அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினான். அவன் நல்லவன். ஆனால் அவளுக்கு அன்று வேண்டியிருந்தது நல்லவன் இல்லை, கேட்கிறவன். கதவு சாத்தியதும் அவள் உடைந்து அழுதாள். இத்தனை மாதமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"நீங்களாவது கேளுங்களேன்" என்றாள்.

என் மனைவி, என் எதிரே நின்று கெஞ்சுகிறாள். நான் கேட்டால் எழுதிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எழுதினால் அவன் படிப்பான். அதனால் நான் இப்போது இந்தப் பேனாவை மூடிவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போகிறேன்.

அவள் நிலைப்படியில்தான் நிற்கிறாள். நீங்கள் அவளுக்குச் சொந்தமில்லை, தம்பியை நீங்கள் பார்த்ததும் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.