பூட்டு மேடமும் ஓபன் ஆக்சஸும்

அந்த மின்சாரக் கழகத்தின் தலைமைப் பொறியாளருக்குப் பூட்டு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் ஒருத்தருக்கும் கிடையாது. முதுகுக்குப் பின்னால், வண்டி ஓட்டுகிறவர் முதல் நிர்வாக இயக்குநரின் உதவியாளர் வரை எல்லார் வாயிலும் அதுதான் வந்தது.

மின்சாரம் தயாரிப்பவர்கள் வேறு, வீடு வீடாகக் கொடுப்பவர்கள் வேறு. நடுவே மலையையும் வயலையும் தாண்டிக் கோபுரங்களில் கம்பி இழுத்து அதைக் கொண்டு சேர்ப்பது இந்தக் கழகத்தின் வேலை. எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடலாம் என்று தீர்மானிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மேடம். அவர் 'முடியாது' என்றால் அதோடு பேச்சு முடிந்தது. பக்கத்து அறையில் இருந்த துணைப் பொறியாளருக்கு அவரிடம் மரியாதை பாதி, பயம் பாதி.

அப்போதுதான் ஓபன் ஆக்சஸ் விதி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கம்பி கழகத்துடையதாகவே இருக்கும். ஆனால் மின்சாரம் தயாரிக்கிற எவரும், வாங்குகிற எவரும் அதில் இடம் கேட்கலாம். இடம் இருந்தால் கழகம் மறுக்கக் கூடாது. ஒழுங்குமுறை ஆணையம் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்டது. மேடம் எழுந்து நின்று, ஒளிவுமறைவில்லாமல் எதிர்த்தார்.

"காத்து எப்ப அடிக்கும், எப்ப நிக்கும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆளாளுக்கு லைன்ல ஏத்த ஆரம்பிச்சா, ஒருநாள் மொத்த நகரமும் இருண்டுடும். அன்னிக்கு எல்லாரும் என்னைத்தான் வந்து கேப்பீங்க."

எதிர்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். ஒரு காலத்தில் இதே கழகத்தில் மேடத்துடன் வேலை பார்த்தவர். வேலையை உதறிவிட்டு மலையடிவாரத்தில் காற்றாலை போட்டதால், பழைய சகாக்கள் அவருக்குக் காத்தாடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மேடம், ஜனங்களுக்காகத்தான இந்தக் கம்பிய இழுத்தோம்? பீரோவுல வெச்சுப் பூட்டவா இழுத்தோம்?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. துணைப் பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். மேடத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

விதி வந்தேவிட்டது. முதல் விண்ணப்பமும் காத்தாடியிடமிருந்தே வந்தது. தன் மலையிலிருந்து நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு மின்சாரம் கொண்டுபோகக் கம்பியில் இடம் வேண்டுமாம்.

"வசமா மாட்டினாரு" என்று அலுவலகமே கைகளைத் தேய்த்துக்கொண்டது. துணைப் பொறியாளர் ஒரு முழு நாள் உட்கார்ந்து பதில் தயாரித்தார். காற்று வீசும் மாதங்களில் அந்த வழித்தடம் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே வருத்தத்துடன் மறுக்கிறோம். எந்த வக்கீலாலும் அசைக்க முடியாத எழுத்து. மேடம் பாராட்டுவார் என்று எதிர்பார்த்து மேசையில் வைத்தார்.

மேடம் நிதானமாகப் படித்தார்.

"எழுத்து அருமையா இருக்கு. எல்லைன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது கம்பியோட எல்லையா, இல்ல கம்பி முனையில மாட்டியிருக்கற ஏதாவதோட எல்லையா?"

துணைப் பொறியாளர் விழித்தார். வருஷக்கணக்காக எல்லாரும் எடுத்துப் போட்ட அளவு அது. எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததே இல்லை.

"தெரியல மேடம்."

"எனக்கும்தான் தெரியல. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

துணைமின் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. சரளைக்கல் காலை உறுத்த, தலைக்கு மேல் ரீங்காரம் கேட்க, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மேடம் கம்பியின் வழியே பார்வையை நடத்தினார். மலையிலிருந்து வந்த கம்பி நல்ல தடிமன். இன்னும் எவ்வளவோ தாங்கும். ஆனால் அது வந்து சேரும் இடத்தில், ஓட்டத்தை அளக்கிற பழைய கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க் கறையோடு நின்றுகொண்டிருந்தது. மெல்லிய கம்பி இருந்த காலத்தில் வைத்தது. பிறகு கம்பியை மாற்றியவர்கள் இதை மாற்றவில்லை. எல்லை என்று எல்லாரும் சொன்னது இதனுடைய எல்லையைத்தான்.

"பெருசா ஒண்ணு ஸ்டோர்ல சும்மா கிடக்குது மேடம்" என்றார் நிலையப் பொறுப்பாளர். "கைவிட்ட திட்டத்துக்கு வாங்கினது. ஆனா மாத்தணும்னா ஒரு நாள் பூரா லைனை நிறுத்தணும்."

"நிறுத்திக்கலாம். காத்து சீசனுக்கு முன்னாடியே முடிச்சிடணும்."

விஷயம் நிர்வாக இயக்குநர் காதுக்குப் போனது. இருவரையும் கூப்பிட்டார்.

"என்னம்மா, அவருக்கு நீங்களே சிவப்புக் கம்பளம் விரிக்கறீங்க? இந்த விதியே வேணாம்னு சண்ட போட்டது நீங்கதான?"

"ஆமா சார். இப்பவும் என் கருத்து அதேதான்."

"அப்புறம் என்ன? இடமில்லைன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. யாரு வந்து கம்பத்துல ஏறிப் பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேனே சார்." மேடத்தின் குரல் உயரவில்லை. "எல்லார் முன்னாடியும் வாதாடினேன், தோத்துட்டேன். தோத்ததுக்கு அப்புறம் பின்வாசல் வழியா ஜெயிக்கறதுல எனக்கு இஷ்டமில்ல."

இயக்குநர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு கருவியை மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் துணைப் பொறியாளர் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டாள்: "அவங்களுக்குப் பிடிக்காததுக்கே இவ்வளவு பாடுபடறாங்களா? அப்போ நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அது?"

"அதைக் கிழிச்சிட்டேன்" என்றார் அவர், தலையணை உறையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டே.

புதிய கருவி ஏறியது. காற்று மாதமும் வந்தது. மலையின் மின்சாரம் தொழிற்சாலைக்கு ஓடத் தொடங்கியதும் காத்தாடி பூரிப்போடு கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார். திரையில் தன் கோடு உயர்வதைப் பார்த்து, புது அப்பாவைப் போல நின்றார்.

மதியத்துக்குப் பிறகு மலையில் மேகம் திரண்டது. காற்று மடமடவென்று குறைந்தது. திரையில் கோடு சரிந்தது. எப்போதும் ஒரே அளவில் நிற்கவேண்டிய மின்சார அதிர்வெண்ணும் கூடவே இறங்கியது. மேடம் ஆணையத்தின் கூட்டத்தில் பயந்து சொன்னது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. காத்தாடியின் முகம் வெளிறிவிட்டது.

மேடம் ஏற்கெனவே போனை எடுத்திருந்தார். காற்று மாதம் முழுக்க இரண்டு இயந்திரங்களைத் தயாராக வைத்திருக்கும்படி அணை மின்நிலையத்திடம் முன்பே பேசி வைத்திருந்தார். அது துணைப் பொறியாளருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"திறந்துவிடுங்க. ரெண்டையும்."

இறங்கிய அளவு தயங்கியது, நின்றது, மெல்ல ஏறியது. நகரத்தில் ஒரு மின்விசிறிகூட நிற்கவில்லை. தொழிற்சாலையின் உலை ஆறவில்லை.

'நான் அப்பவே சொன்னேனே' என்று மேடம் இப்போது சொல்லுவார், சொல்ல உரிமையும் உண்டு என்று துணைப் பொறியாளர் காத்திருந்தார். மேடம் தண்ணீர் பாட்டிலைக் காத்தாடியிடம் நீட்டினார்.

"முதல்ல குடிங்க."

காத்தாடி மடக்மடக்கென்று குடித்தார். "மேடம், இன்னிக்கு அந்தத் தொழிற்சாலை லைனை நீங்க வெட்டிவிட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"கேட்டிருக்க மாட்டாங்கதான். அதுக்காக வெட்டிட முடியுமா? ஆனா ஒண்ணு. காத்து குறையப்போகுதுன்னு உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச அடுத்த நிமிஷம் எனக்கும் தெரியணும். இன்னிக்குத் தெரிஞ்சிருக்கு, சொல்லல. சரிதானே?"

"சரிதான் மேடம்." முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

அடுத்த மாதமே மேடம் ஆணையத்தின் முன் மறுபடி நின்றார். விதியை எடுத்துவிடுங்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கம்பியில் இடம் பெறும் ஒவ்வொருவரும் காற்றுக் கணிப்பை முன்கூட்டியே தர வேண்டும், அதை விதியிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டார். மற்ற காற்றாலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆதரித்துப் பேச முதலில் எழுந்தவர் காத்தாடி. அன்றைய மதியத்தை, தன் தவறையும் விடாமல், அவரே விவரித்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆணையம் அந்தப் பிரிவைச் சேர்த்துக்கொண்டது.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது துணைப் பொறியாளருக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் போலிருந்தது. அதற்குள் மேடமே அவர் பக்கம் திரும்பினார்.

"புதுசா ஒரு காகித ஆலை இடம் கேட்டிருந்தாங்களே, அந்த விண்ணப்பம் என்னாச்சு?" என்று கேட்டார் மேடம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"இடமில்லைன்னு தோணுது மேடம். ஆனா இன்னும் எழுதல. நாளைக்குக் காலையில லைனைப் போய்ப் பாக்கறேன்."

"நானும் வரேன்" என்றார் மேடம். "தொப்பி ஒண்ணு எடுத்துக்கோங்க. போன தடவை வெயில்ல வதங்கிட்டீங்க."