நேற்றைய மணி ஐந்து

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி மாடிப்படியில் என்னை மறித்து ஒரே மூச்சில் சொன்னது. அப்போது நான் 'ஒலியும் காலமும்: ஒரு மறுவாசிப்பு' என்றொரு கட்டுரையில் தலைப்போடு நின்றுகொண்டிருந்தேன். நல்லவேளையாக வந்தாள். அவளுக்கு நன்றி.

2

முதல் தொடக்கம்: 'காலம் என்பது ஒரு நதி, அதன் கரையில்...' (வேண்டாம். நதி பாவம்.)

இரண்டாவது: பக்கத்து வீட்டுக்காரியின் அண்ணன், ஓய்வுபெற்ற கையோடு ஒரு மைக் வாங்கி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இணைய வானொலி நடத்துகிறார். தினமும் மதியம் இரண்டு முதல் ஆறு வரை. 'உலகெங்கும் செவிமடுக்கும் நெஞ்சங்களே' என்பார். திரையில் நேயர் எண்ணிக்கை: ஒன்று. மணிக்கொரு தரம் நேரம் அறிவிப்பார். சூரியனே அவரைக் கேட்டுத்தான் நகர்வது போன்ற குரல்.

(இவரை முழுக் கோமாளியாக்கத்தான் நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு நேயருக்காகத் தினமும் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருகிற மனிதர். என் புத்தகங்கள் விற்கிற அழகுக்கு, சிரிக்க எனக்கு உரிமை கிடையாது.)

3

தங்கைக்கு அந்த நேரம் வேலை. அதனால் அவள் வீட்டுக் கணினி நிகழ்ச்சியைத் தானாகப் பதிவு செய்துவிடும். அதை எம்பி3 பிளேயரில் ஏற்றி, மறுநாள் சலவைக்கூடத்தில் குட்டி ஸ்பீக்கரில் மாட்டுவாள். அவளோடு சேர்த்து ஏழு பெண்கள் கேட்டபடியே போர்வை மடிப்பார்கள். (அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.)

போனெல்லாம் மேலே லாக்கரில். சுவர்க்கடிகாரமோ நீராவியில் ஊறி உயிரை விட்டது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சாப்பாடு முடிந்து சூப்பர்வைசர் இரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் பிளேயரைப் போட்டால், அண்ணன் சொல்லும் நேற்றைய மணி இன்றைக்கும் பொருந்தும். ஐந்து என்றால் வீட்டுக்கு.

4

ஒருநாள் தங்கை வீட்டில் இணையம் ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. எழுந்ததும், பதிவு செய்யும் மென்பொருள் அறுந்த இடத்தை ஒட்டிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தது. மறுநாள் சலவைக்கூடத்தில் மூன்றுக்கு அடுத்து ஐந்து அடித்தது.

"இன்னைக்கு நேரம் போனதே தெரியல" என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசர் நாலரை மணிக்கு வந்து பார்த்தபோது போர்வைகள் மட்டும்தான் இருந்தன.

5

இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் மறுநாள் சொல்லிவிட்டார். தங்கை நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இனிமே மணி சொல்லாதே."

"இனிமே எதுவுமே சொல்லப் போறதில்லம்மா. கடையைச் சாத்தியாச்சு. ஒரே ஒரு ஆளுக்காக எத்தனை நாளு கத்துறது? அந்த ஒரு நேயர் என்னை மன்னிக்கட்டும்."

"அது ஆளே இல்லண்ணே. எங்க வீட்டு கம்ப்யூட்டர்."

(இங்கே அவர் கண்ணீரை வைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.)

"ஒரு மிஷினுக்கா இத்தனை நாள் வணக்கம் வச்சேன்?"

"முழுசாக் கேளு. அது பதிவு பண்ணி, நாங்க மறுநாள் கேக்குறோம். நடுவுல நெட்டு அறுந்தது தெரியாம, உன் மணியைக் கேட்டு ஏழு பேரு ஒரு மணி நேரம் முன்னாடியே வேலையைப் போட்டுட்டுக் கிளம்பிட்டோம்."

"ஏழு பேரா?"

"ஏழு பேரும்."

"ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலியா?"

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இஸ்திரி அக்கா சொன்னாங்க. அத்தனை பேருக்கும் செம திட்டு."

"அடப்பாவமே" என்றார், முகமெல்லாம் பூரித்து. கை தானாக வயரைப் பிரித்தது.

6

முடிவு அ: அவர் மணி சொல்வதை விட்டார், நிர்வாகம் புதுக் கடிகாரம் மாட்டியது. (நிர்வாகத்துக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அவர் புகழ் எட்டுத் திக்கும் பர... (பொய்.)

எனக்குத் தெரிந்தது இதுதான். மறுநாள் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். 'உலகெங்கும்' என்று தொடங்கி, நிறுத்தினார். பிறகு, "போர்வை மடிக்கிறவங்களே, இதை நீங்க நாளைக்குத்தான் கேப்பீங்க. கேக்குறீங்கங்கிறதே எனக்குப் பெரிசு. ரொம்ப நன்றி. இப்ப நேரம்..."

சொன்னால் தங்கையின் வேலைக்கு ஆபத்து. விழுங்கினால் அவர் அவராக இருக்கமாட்டார். அந்தப் புள்ளிகளை நான் தொடப்போவதில்லை. இதுவரை கூடவே வந்த உங்களுக்கும் நன்றி. நீங்கள் இதைப் படிக்கும்போது மணி என்னவோ, வேண்டுமானால் அதை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.