எதிர் வீட்டுப் படி

எதிர் வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் போன கோடையில் ஜாக்கி வைத்துத் தன் வீட்டையே தரையிலிருந்து உயரத் தூக்கிவிட்டாள். சுவர், ஜன்னல், மாடி எல்லாவற்றோடும் அப்படியே. ராஜகீழ்ப்பாக்கமே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதானே சேறு வாரினோம்? இனி அவள் கிரானைட் படியேறிப் போவாளாம், நான் அண்ணாந்து பார்க்கணுமாம்!

என் வீட்டுக்காரரை நச்சரித்து, கேட் வாசலை அடைத்து இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுப்ப வைத்தேன்.

"தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை விடலாம் ஹேமா" என்றார் அவர்.

"அதே ஓட்டை வழியா உள்ள வராதா? அறிவு இருக்கா உங்களுக்கு?"

ஸ்கூட்டரைத் தெருவில் விட்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டித் தாண்டிப் போனேன். பரவாயில்லை. அவள் படியை மட்டும் நான் மிதிக்கக் கூடாது.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியது. பள்ளிக்கரணையில் படகு விட்டார்கள். கரண்ட் இல்லை, பால் இல்லை. தெருவில் தண்ணீர் ஓடியது. என் சுவர் அசையவில்லை. ஜன்னலில் நின்ற டீச்சரைப் பெருமையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால், கக்கூஸ் கோப்பை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி ஹாலுக்கு வந்துகொண்டிருந்தது.

கட்டில் மூழ்கியதும் அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர் வீட்டுப் படியேறினார். டீச்சர் துண்டு கொடுத்தாள், சூடாக உப்புமா கொடுத்தாள். கேடுகெட்ட பசி, இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவில் தண்ணீர் வடிந்து தார் தெரிந்தது. கக்கூஸ் சேறு அடைத்துக்கொண்டதோ என்னவோ, என் வீட்டில் மட்டும் அப்படியே நின்றது. நான் கட்டிய சுவர் ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை.

டீச்சர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். "உங்க வீட்டு அண்ணனைக் கூப்பிடட்டுமா? நீங்க ஏன்..."

சிரித்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன். பாவி, சிரிக்கவில்லை.

"என் சுவரை நானே இடிச்சுக்கறேன்!" என்று பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளங்கை கொப்பளிக்கும்வரை இடித்தேன். செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் பாய்ந்து, என் செருப்பு, சாமி படம், குப்பை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து நேராக எதிர் வீட்டுக்கு ஓடியது.

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். என் வீட்டுத் தண்ணீர் மொத்தமும் போய் அவளுடைய முதல் படியைக்கூட முழுசாக நனைக்கவில்லை. வயிறு எரிந்தது.