கண்ணாடிக்குப் போடும் சீனி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒளித்தேன் என்று யாரும் ஏசக்கூடாது. போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார்: "கண்ணாடிக்கடைச் சிவசாமி குடும்பத்தோட இந்தியாவுக்குப் போறாராம். பாஸ்போட்டு வந்துருச்சாம்." வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட கதை.

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மலைகளின் நடுவே' — சீ, வேண்டாம். மலையைப் பற்றி எழுதினால் மனிதரைப் பற்றி எழுதத் தேவையில்லை என்று என் கை நினைக்கிறது.

இரண்டாவது: சிவசாமி, ராகலைப் பக்கத் தோட்டத்து ஆள். 1954இல் ஹட்டனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

(சேர்ந்தார். அன்றைக்கு நான் அவரை 'ஆர்' போட்டு அழைத்ததில்லை. இப்போதாவது போடுகிறேன்.)

2

கொஞ்சம் ரசாயனம் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகத்தான்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் இருப்பது வெள்ளி. அதை முதலில் அமிலத்தில் கரைத்த உப்பாக வாங்குவார்கள். தண்ணீரும் அமோனியாவும் சேர்த்தால் வெள்ளி கண்ணுக்கே தெரியாது. அதைத் திரும்ப உலோகமாக்கிக் கண்ணாடியில் படியவைக்க ஒன்று வேண்டும். இரும்புக் கல்லை இரும்பாக்க உலையில் கரி போடுகிறார்களே, அதே வேலைதான். வெள்ளிக்கு அந்த வேலையைச் செய்வது சீனி. காய்ச்சிய சீனிப்பாகு. பாடப்புத்தகத்தில் இதற்குத் 'தாழ்த்தும் கருவி' என்று பெயர். தோட்டத்துத் துரைமார் கொண்டுபோகும் தேர்மஸ் போத்தலின் உள்ளே மினுங்குவதும் இப்படிப் படிந்த வெள்ளிதான்.

கடையில் இந்த வேலை தெரிந்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். முதலாளி ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிப் போட்டார். சிவசாமிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆகவே கடைக் கிளாக்கர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்து ஆள், அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார்.

"பாகை ஆறவிட்டுத்தான் ஊத்தோணும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. நம்ம வீட்ல தேயிலச் சாயத்தண்ணிக்குச் சீனி இல்ல, இங்க கண்ணாடிக்குப் போடுறோம் பாருங்க!"

முதல் கண்ணாடித் தட்டில் வெள்ளி படிந்தபோது சிவசாமி கத்தியது கடைத்தெருவுக்கே கேட்டது. "ஆத்தாடி! ஐயா, என் மூஞ்சிங்க!"

3

அவர் மனைவி மீனம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தார். லயத்து வரிசை வீடுகளில் கண்ணாடி இருந்தது கங்காணி வீட்டில் மட்டும். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் பொட்டு வைக்க அங்கே போய் நின்றால், "மகாராணி அலங்காரத்துக்கு வந்துட்டா" என்று கேலி. ஒருநாள் அழுதுகொண்டு திரும்பியிருக்கிறார். அன்றிலிருந்து பொட்டைத் தடவிப் பார்த்தே வைத்துக்கொண்டார்.

சிவசாமி அவருக்கு ஒரு கண்ணாடி செய்ய நினைத்தார். வெட்டி எறிந்த கண்ணாடித் துண்டு இருந்தது. சாயங்காலந்தோறும் மிஞ்சும் வெள்ளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது கடை வழக்கம். ராத்திரி ரொட்டியில் பாதியைக் காலைப் பெரட்டுக்கு எடுத்துவைத்துப் பழகிய மனிதருக்கு, வெள்ளியைக் கொட்ட எப்படி மனம் வரும்? ஆறு நாள் மிச்சத்தை ஒரு போத்தலில் சேர்த்தார். சனிக்கிழமை மத்தியானம் மூடியைத் திருகினார்.

போத்தல் வெடித்தது. இரண்டு கண்ணும் போயின.

4

இந்த இடத்தில்தான் ஒன்பது வருஷமும் நின்றுவிட்டேன்.

செல்வரத்தினம் என்ற பாத்திரம் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மிகவும் நல்லவராக, பொறுமைசாலியாக வந்துவிட்டார். அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அப்படி ஒருவர் கிடையாது. கிளாக்கர் நான்தான், துரைராசா. "ஐயா பேர்லயே தொரை இருக்கே, அப்பறம் கோவம் வராம என்னங்க செய்யும்" என்று சிவசாமி என்னைச் சீண்டுவார்.

புத்தகம் வாசித்துக் காட்டிய அன்றைக்குப் பக்கத்தின் அடியில் ஒரு பந்தி மிச்சம் இருந்தது. நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் அதை வாசிக்க—

நான் அதை வாசித்தேன். மனதுக்குள், ஓட்டமாக. அமோனியா கலந்த வெள்ளித் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடவேண்டும், வைத்திருந்தால் வெடிக்கும் என்று எழுதியிருந்தது. எப்படியும் கொட்டத்தானே போகிறான், இதை ஏன் இவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க என்று புத்தகத்தை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் அரை மணி நேரம் பிந்தித்தான் வந்தது.

5

போன ஞாயிறு ராகலைக்குப் போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன், சத்தியமாக.

சிவசாமி குரலிலேயே என்னைக் கண்டுபிடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஐயா, தோட்டத்துல பொறந்தவனுக்கு யாருங்க இங்கிலீசுப் பொஸ்தகம் படிச்சுக் காட்டுவாங்க? நீங்க காட்டுனீங்க. அத நெனைக்காத நாளில்லீங்க. நாந்தான் பேராச புடிச்சுக் கெடுத்துக்கிட்டேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கிளம்ப எழுந்தேன்.

மீனம்மா என்னை வாசல்வரை விட வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, அந்தப் பொஸ்தகத்துல இது வெடிக்கும்னு ஒரு வார்த்தகூட எழுதலீங்களா?"

நான் சொன்னேன்,

(முதல் முடிவு: 'எழுதியிருந்தது' என்றேன். மீனம்மா என் முகத்தில் காறித் துப்பினார். இது எனக்கு ஆறுதலான முடிவு. அதனால் நம்பாதீர்கள்.)

(இரண்டாவது: 'எழுதவில்லை' என்றேன். மீனம்மா பெருமூச்சு விட்டுக் கணவருக்குச் சோறு போடப் போனார்.)

(மூன்றாவது, நடந்தது: 'பஸ்ஸுக்கு நேரமாச்சு பிள்ளை' என்றேன்.)

6

இதற்கு மேல் எழுதுவது நானில்லை.

வருகிற வியாழக்கிழமை காலை அவர்கள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்கள். நான் போகமாட்டேன். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவு கேவலமான ஆள்தான் நான். இந்தக் கதை வரும் ஏடு புதன்கிழமை கடைக்கு வந்துவிடும். நீங்கள் வேறு ஏதோ வேலையாக அந்தப் பிளாட்பாரத்தில் இதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். படித்த ஆளாகத் தெரிந்தால் மீனம்மா யாரையும் விடுவதில்லையாம். ஆஸ்பத்திரி மிஸ்ஸிடம் கேட்டாராம், பாஸ்போட்டு எழுதிக்கொடுத்த ஐயாவிடமும் கேட்டாராம். உங்களிடமும் வந்து கேட்பார்: கண்ணாடிக்கு வெள்ளி போடும் புத்தகத்தில் அது வெடிக்கும் என்று எழுதியிருக்குமா?

இப்போது உங்களுக்குத் தெரியும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு.

ஒன்று மட்டும். சிவசாமி மீனம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.