வலது கால்

மூச்சைக் கட்டுப்படுத்தக் கூடாதாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டுமாம். இதைச் சொல்லித்தர வாரத்துக்கு நாலு வகுப்பு. ஓட்டுநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்தாறு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவர். பணிமனை டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "நூத்தி அறுபத்தெட்டு. மூணு வாரம் லீவு தர்றேன், வண்டி எடுக்காதீங்க. அதுக்குள்ள நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலைன்னா அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது. டயர் ஸ்டோர்ல உட்கார வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு விடாமல், தியான யோகாவையும் தலையில் கட்டினார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு கூடம். முட்டிவலி என்பதால் இவருக்கு மட்டும் நாற்காலி. டீச்சருக்கு இவர் மகள் வயதுதான் இருக்கும். "மூச்சு உள்ள வருது, வெளிய போகுது. நீங்க எதுவும் பண்ண வேணாம். சும்மா வேடிக்கை பாருங்க" என்பாள். அதுவரை ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்த மூச்சு, இவர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததுமே, இழுத்தால்தான் வருவேன் என்று அடம் பிடிக்கும்.

வீட்டில் இதைவிட மோசம். மாலையில் இருபது நிமிஷம் கண்ணை மூடினால் போதும், மனைவி வீட்டையே அமைதிப்படுத்தக் கிளம்பிவிடுவாள். "சத்தம் போடாதீங்க, அப்பா தியானத்துல இருக்கார்" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நடுநடுவே வந்து முகத்தருகே குனிந்து பார்ப்பாள்.

"என்ன பார்க்கிற?"

"குறைஞ்சிருக்கான்னு பார்த்தேங்க."

"நீ இப்படிப் பார்த்தா ஏறத்தான் செய்யும்."

பரிசோதனைக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. கண்ணை மூடியிருந்தவர் பக்கத்தில் டீச்சர் வந்து நின்றாள்.

"அண்ணா, உங்க வலது கால் எதை மிதிக்குது?"

கண்ணைத் திறந்து பார்த்தார். பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலும் அவர் கால் இல்லாத பிரேக்கைத் தேடும்; ஓட்டுநர்களுக்கே உரிய வியாதி அது. இங்கேயும் நினைப்பு ஒன்று குறுக்கே வரும்போதெல்லாம் பிரேக் போட்டிருக்கிறார்.

"நினைப்பு வந்தா வரட்டும்னு சொன்னேனே அண்ணா."

"வந்து மோதிடுச்சுன்னா?"

"மோதாது. அது பாட்டுக்குப் போயிடும். கால எடுங்க."

இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல் வந்தது. காலை எடுத்தார்.

மறுநாள் டாக்டர் இவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும்போது டயர் ஸ்டோர் கண்முன் வந்து நின்றது. மேஜைக்கடியில் கால் அழுத்தத் தொடங்கியது. மெல்ல எடுத்தார். டயர் ஸ்டோர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தது.

"நூத்தி முப்பத்தாறு. நாளைக்கே வண்டி எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே காத்திருந்த மனைவியிடம் சொன்னார். அவள் "நல்லதுங்க" என்றதோடு சரி. மூன்று வாரம் உயிரை வாங்கியவளுக்கு இவ்வளவுதான் சந்தோஷமா என்று கடுப்பாக இருந்தது.

பேருந்தில் சேர்ந்து திரும்பினார்கள். ஒரு வளைவில் பைக் ஒன்று குறுக்கே புகுந்தது. வண்டி குலுங்கி நின்றது. தன் கால் அசையவில்லை என்று பெருமையோடு குனிந்து பார்த்தார். பக்கத்தில் மனைவியின் வலது கால், செருப்புக்குள் விரல்கள் மடங்க, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாதவள்.

"இது எப்போலேர்ந்து?"

அவளும் குனிந்து பார்த்தாள். "இதுவா? நீங்க காலைல வண்டிக்குப் போனா இப்படித்தாங்க இருக்கும். வீட்டுக்கு வந்துட்டா சரியாயிடும்."

கால எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. நாளைக் காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த வளைவு வந்தபோது, அவள் காலோடு சேர்த்துத் தன் காலையும் அழுத்தினார்.